காக்கும் ஊசி கலங்க வைத்தால்...

முன்னுரை

நாய் இல்லாத தெரு நம் ஊரில் ஏது? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் பெற்ற நாட்டு நாய்கள் சில வீடுகளில்; பொமரேனியன், பக், டாஷண்ட் என்ற வெளிநாட்டு வகைகள் சில வீடுகளில்; மழைக்கு ஒதுங்கிய குட்டியைப் பாவம் பார்த்துத் தூக்கி வந்து, மணி என்று பெயரிட்டு வளர்க்கும் வீடுகளோ பல. எந்த நாயானாலும் அதற்குத் தடுப்பூசி போடவேண்டும் என்பதை இன்று பெரும்பாலோர் அறிவர். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வந்த நாய் சோர்ந்து படுத்தால், முகம் வீங்கினால், வாந்தி எடுத்துக் கீழே விழுந்தால் என்ன செய்வது என்று அறிந்தவர் சிலரே.

இந்த அறியாமையால் இருவகைத் தீங்கு நேருகின்றது. உயிருக்கு ஆபத்தான நிலையை வெறும் மயக்கம் என்று எண்ணிக் காலம் கடத்துவது ஒன்று. சிறு சோர்வைக் கண்டு அஞ்சி, இனி இந்த நாய்க்கு ஊசியே வேண்டாம் என்று முடிவு கட்டுவது மற்றொன்று. முதல் தவறு நாயின் உயிரைப் பறிக்கலாம். இரண்டாவது தவறு அதை வளர்ப்பவரின் உயிரையும் பறிக்கலாம். இவ்விரண்டுக்கும் இடம் கொடாமல் நடந்துகொள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தடுப்பூசி என்ன செய்கின்றது?

தேடப்படும் திருடனின் படத்தைக் காவல் நிலையச் சுவரில் ஒட்டி வைப்பார்கள் அல்லவா? தடுப்பூசி செய்யும் வேலையும் அதுவே. நோய்க் கிருமியைக் கொன்றோ, நோய் உண்டாக்க முடியாதபடி வலுவிழக்கச் செய்தோ மருந்தாக்கி உடலுக்குள் செலுத்துகின்றனர். உடலின் காவற்படை அதன் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கின்றது. பின்னாளில் உண்மையான கிருமி நுழைந்தால், அது பெருகுமுன்பே பிடிபட்டு அழிகின்றது.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி போடத் தொடங்குவர். பிறகு இரண்டு முதல் நான்கு வார இடைவெளி விட்டு, 16 வார வயது வரை தொடர்வர். ஒரே ஊசியோடு நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள்கள் குட்டியின் இரத்தத்தில் சில வாரங்கள் இருக்கும். அவை குட்டியைக் காப்பதோடு, தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். தாய் தந்த காவல் எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆகவேதான் ஊசியைப் பலமுறை போடுகின்றனர்.

டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக் காய்ச்சல் ஆகியவற்றுக்கான மருந்துகள் பெரும்பாலும் ஒரே ஊசியில் சேர்ந்து வருகின்றன. இவற்றுள் பார்வோ 1978 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய புதிய நோய். தடுப்பூசி வருவதற்குள் எண்ணற்ற குட்டிகளை அது கொன்று குவித்தது. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியை மூன்று மாதம் நிறைந்தபின் போட்டு, ஓராண்டில் மீண்டும் போடுவர். அதன்பின் மருத்துவர் சொல்லும் காலக் கணக்குப்படி போடவேண்டும்.

நெப்டியூன் தந்த பாடம்

காக்கவேண்டிய காவற்படையே சில வேளைகளில் வீட்டைக் கலக்கிவிடுவதும் உண்டு. இதை உலகம் அறிந்துகொண்டது ஒரு நாயின் மூலமாகத்தான்.

1901 ஆம் ஆண்டு மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடல் ஆய்வுக்குச் சென்றனர். தீண்டினாலே எரிச்சல் தரும் சில கடல் உயிர்களின் நஞ்சை அவர்கள் ஆராய்ந்தனர். பாரிஸ் திரும்பியபின், கடல் சாமந்தி என்னும் உயிரின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தனர். சிறிது சிறிதாகப் பழக்கினால் நாய்களுக்கு அந்த நஞ்சைத் தாங்கும் வலிமை வரும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியை நன்றாகத் தாங்கிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து, 1902 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதற்கு மறுபடியும் ஊசி போட்டனர். சில விநாடிகளிலேயே அதற்கு மூச்சுத் திணறியது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. 25 நிமிடங்களில் அது இறந்தது. பாதுகாப்பை எதிர்பார்த்த இடத்தில் அதற்கு நேர்மாறானதைக் கண்ட ரிஷே, பாதுகாப்புக்கு எதிரானது என்று பொருள்படும்படி, கிரேக்கச் சொற்களைக் கொண்டு அனபைலாக்சிஸ் என்று இதற்குப் பெயரிட்டார். இக்கண்டுபிடிப்புக்காக 1913 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெப்டியூனுக்குப் போட்டது நஞ்சு. இன்று நம் நாய்களுக்குப் போடுவது அதுவன்று. எனினும் அந்நாய் தந்த பாடம் தடுப்பூசிக்கும் பொருந்தும். முதல்முறை நுழைந்த பொருளை உடல் தவறாகப் பகையெனக் குறித்துக்கொள்கின்றது. அடுத்தமுறை அதே பொருள் வரும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்களை அளவுக்கு மீறிக் கொட்டிவிடுகின்றது. இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சட்டென விழுகின்றது. ஆகவே, போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்ற துணிவு இங்கே உதவாது.

உடல் பகையெனக் குறித்துக்கொள்ளும் பொருள் பெரும்பாலும் நோய்க் கிருமியாக இருப்பதில்லை. கிருமியை வளர்க்கப் பயன்படும் கன்றின் இரத்தநீரிலுள்ள புரதமும், மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஜெலட்டின் போன்றவையும் காரணமாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஒரு நிறுவனத்தின் மருந்து ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வேறொரு நிறுவனத்தின் மருந்து ஒத்துக்கொள்வது இதனால்தான்.

எத்தனை நாய்களுக்கு இப்படி ஆகும்?

அச்சம் அளவோடு இருக்கவேண்டுமானால் கணக்கு தெரியவேண்டும். அமெரிக்காவில் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் ஊசி போடப்பட்ட 12 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2005 இல் முடிவை வெளியிட்டனர். ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் எதிர்விளைவு கண்டவை 10,000 நாய்களுக்குச் சுமார் 38. அதாவது ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை. அவற்றிலும் பெரும்பாலானவை ஊசி போட்ட அன்றே தோன்றியவை.

அந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. பெரிய நாய்களைவிடச் சிறிய நாய்களுக்கே எதிர்விளைவு மிகுதி. ஒரே நாளில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகின்றது. 10 கிலோவும் அதற்குக் குறைவும் உள்ள நாய்க்குக் கூடுதலாகப் போடும் ஒவ்வோர் ஊசிக்கும் 27 விழுக்காடும், 12 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு 12 விழுக்காடும் ஆபத்து உயர்ந்தது. டாஷண்ட், பக் போன்ற சிறு வகை நாய்களை வளர்ப்போர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

மூவகை விளைவுகள்

முதல் வகை இயல்பானது. நாய் அன்று மாலை சோர்ந்து படுக்கும். சோற்றைப் பாதியில் விடும். ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முனகும். இலேசாகக் காய்ச்சல் அடிக்கும். காவற்படை வேலை செய்வதன் அடையாளம் இது. ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். அது நம் உடல் வெப்பத்தைவிட அதிகம். எனவே தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கின்றது என்பதற்காகக் காய்ச்சல் என்று முடிவு செய்தல் கூடாது. சில நாய்களுக்கு ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றிச் சில வாரங்களில் கரையும். அதைத் தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாம். அது வளர்ந்துகொண்டே போனாலும், சீழ் வைத்தாலும், ஒரு மாதம் கடந்தும் கரையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இரண்டாம் வகை ஒவ்வாமை. ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கண்ணிமையும் உதடும் மூக்குப் பகுதியும் வீங்கும். காணாக்கடி என்று பாட்டிமார் சொல்லும் தடிப்புகள் உடலெங்கும் எழும். குட்டை முடியுள்ள நாயில் இவை கண்ணுக்குத் தெரியும். அடர்ந்த முடியுள்ள நாயிலோ கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். நாய் முகத்தைத் தரையில் தேய்க்கும், காலால் சொறியும். இது உடனே உயிரைப் பறிப்பதன்று. ஆனால் மூன்றாம் வகையின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். எனவே அன்றே, அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாம் வகைதான் நெப்டியூனுக்கு நேர்ந்த அனபைலாக்சிஸ். மிக அரிது, ஆனால் மிக விரைவானது. பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களுக்குள், சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்குள் தோன்றும். நாய்க்கு இந்த அதிர்ச்சி முதலில் தாக்குவது கல்லீரலையும் குடலையும்தான். ஆகவே முகவீக்கம் எதுவும் இல்லாமலேயே திடீர் வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று தொடங்கிவிடும். பிறகு மூச்சு வாங்கும், கால்கள் சில்லிடும், நாய் சரிந்து விழும். தவறாக எதையோ தின்றுவிட்டது போலும் என்று எண்ணிக் காத்திருப்பதே இங்குப் பெரும் பிழை.

ஈறு சொல்லும் செய்தி

ஐயம் ஏற்பட்டால் நாயின் உதட்டை மெல்ல உயர்த்தி ஈறைப் பாருங்கள். நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரல் நுனியால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கும். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலும், அழுத்திய இடம் சிவக்க நேரமானாலும் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். நாய் நலமாக இருக்கும் நாளிலேயே ஓரிரு முறை பார்த்துப் பழகிக்கொண்டால்தான் ஆபத்து வேளையில் வேறுபாடு புலப்படும்.

உடனே செய்யவேண்டியவை

1. ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடிவிடாமல் மருந்தகத்திலேயே அரை மணி நேரம் காத்திருங்கள். கடும் எதிர்விளைவு தோன்றினால் மருந்தும் மருத்துவரும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

2. ஊசியைக் காலையிலேயே போடச் சொல்லுங்கள். மாலையில் போட்டால், இரவில் ஏதேனும் நேரும்போது மருந்தகம் மூடியிருக்கும்.

3. அன்று முழுவதும் நாயை யாரேனும் ஒருவர் கண்காணிக்கவேண்டும். நெடுந்தூரம் ஓடவிடுதல் வேண்டாம்.

4. நாய் விழுந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தை நேராக்கி, வாயில் வாந்தி அடைக்காமல் துடைத்துவிட்டு, துணியால் போர்த்தி உடனே கொண்டுசெல்லுங்கள். புறப்படுமுன் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் அவர் ஆயத்தமாக இருப்பார்.

5. வலியிலும் திகிலிலும் உள்ள நாய் வளர்த்தவரையே கடிக்கக்கூடும். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

மயங்கிய நாயின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மனிதருக்குக் குணம் தரும் இவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, குடலையும் புண்ணாக்கிவிடும். நமக்கு ஒவ்வாமைக்குத் தரும் மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் தகாது. மஞ்சள் பற்று, வேப்பிலைச் சாறு என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்குவதும் கூடாது.

மருத்துவர் என்ன செய்வார்? கடும் நிலையில் முதலில் கொடுப்பது அட்ரினலின் ஊசி. சுருங்க வேண்டிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைத் தட்டி எழுப்பி, மூச்சுக் குழாயைத் திறப்பது இந்த மருந்து. கூடவே நரம்பு வழியாக நீர் ஏற்றுவார். வேண்டுமானால் பிராணவாயுவும் கொடுப்பார். முகவீக்கமும் தடிப்பும் மட்டுமே என்றால் ஒவ்வாமை மருந்தே பெரும்பாலும் போதுமானது. உரிய நேரத்தில் சேர்ந்த நாய்களில் பெரும்பாலானவை பிழைத்து எழுகின்றன.

அடுத்த ஊசி வேண்டுமா?

இனித்தான் முக்கியமான வினா எழுகின்றது. "போன வருஷம் ஊசி போட்டதும் மூஞ்சி பணியாரம் மாதிரி வீங்கிப் போச்சு. இனிமே அந்த ஊசியே வேண்டாம்" என்று பாட்டி சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பாட்டியின் பாசம் உண்மையானது. ஆனால் அந்த முடிவு சரியானதா?

ரேபிஸ் நோய்க்குறிகள் தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மனிதருக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான். மனிதருக்கு இந்நோய் வருவதில் 100க்கு 99 வரை நாயின் மூலமே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். உலகில் ரேபிஸால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் நம் நாட்டினர் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆயிரத்தில் நான்குக்கும் குறைவான எதிர்விளைவை ஒரு தட்டிலும், பிழைக்க வழியில்லாத நோயை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள். எத்தட்டு தாழும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அதற்காக, நேர்ந்ததை மறந்துவிட்டு அதே ஊசியை அதே முறையில் போடவேண்டும் என்பதில்லை. நடந்ததை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால் வழிகள் பல உண்டு. ஒரே நாளில் போட்டுவந்த ஊசிகளைச் சில வார இடைவெளி விட்டுத் தனித்தனியே போடலாம். வேறொரு நிறுவனத்தின் மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஊசிக்கு முன்பே ஒவ்வாமை மருந்து கொடுக்கலாம். அன்று பகல் முழுவதும் மருந்தகத்திலேயே வைத்துப் பார்க்கலாம். டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கு முதல் வரிசை ஊசிகளும் அதையடுத்த ஊக்க ஊசியும் முடிந்த நாய்க்கு ஆண்டுதோறும் போடவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கின்றதா என்று சோதித்து முடிவு செய்யவும் வழி உண்டு. எலிக் காய்ச்சல் ஊசியின் காவல் ஓராண்டே நிற்கும். அது தேவையா என்பதை நாய் வாழும் இடத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

சின்ன நாய்தானே, பாதி மருந்து போடுங்கள் என்று கேட்பது மட்டும் தவறு. தடுப்பூசியின் அளவு எடையைப் பொறுத்ததன்று. பாதி மருந்தால் ஒவ்வாமை நீங்கும் என்ற உறுதியும் இல்லை. நோயைத் தடுக்கும் என்ற உறுதியும் இல்லை.

உயிருக்கே ஆபத்தாகி மீண்ட நாயானால், மறுபடி ஊசி போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும். ஊசி போடாத நாயைக் கயிறின்றித் தெருவில் விடக்கூடாது. அது யாரையேனும் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஊசி போட்ட நாய் கடித்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தடுப்பூசி அட்டையைப் பாதுகாத்து வையுங்கள். போட்ட மருந்தின் பெயர், நிறுவனம், தொகுதி எண், நாள், நேரம், எத்தனை நிமிடத்தில் என்ன குறி தோன்றியது, என்ன சிகிச்சை தரப்பட்டது ஆகியவற்றை அதில் எழுதுங்கள். முகம் வீங்கியிருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஊரும் மருத்துவரும் மாறினாலும் அட்டை பேசும்.

மருந்தே மாறிய வரலாறு

எதிர்விளைவு கண்டால் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு மனிதர் வரலாற்றிலேயே சான்று உண்டு. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ரேபிஸ் தடுப்பூசி போடத் தொடங்கினார். அதற்குமுன் அவர் அதை நாய்களிடமே சோதித்துப் பார்த்திருந்தார். அவர் பெயரால் நம் குன்னூரிலும் 1907 இல் ஒரு நிறுவனம் எழுந்தது. 1911 இல் டேவிட் செம்பிள் என்பவர், இமயமலை அடிவாரத்துக் கசௌலியில், ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெற்றோர் அச்சத்தோடு சொல்வது இதைத்தான்.

அந்த மருந்திலிருந்த மூளைத் திசுவால் சிலருக்கு வாதம் வந்தது. சிலர் இறந்தும் போயினர். எனினும் மருந்தில்லாவிட்டால் மரணம் உறுதி என்பதால் அதைக் கைவிடவில்லை. அதைவிட நல்லதைத் தேடினர். மூளைத் திசு கலவாமல், செல்களில் வளர்த்த புதிய மருந்து கிடைத்தது. 2004 ஆம் ஆண்டு முடிவில் ஆட்டு மூளை மருந்தின் உற்பத்தியை இந்தியா நிறுத்தியது. இன்று கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகின்றது. தீமை கண்டபோது ஊசியையே தூக்கி எறிந்திருந்தால் இந்த நன்மை நமக்கு வாய்த்திராது.

முடிவுரை

தோழியரே! பாஸ்டரின் மருந்தை முதலில் தாங்கியது நாய். அனபைலாக்சிஸ் என்னும் ஆபத்தை உயிர் கொடுத்துக் காட்டியதும் நாய். அவ்வினத்திடம் நாம் கற்ற பாடத்தை அவ்வினத்தின் நலனுக்கே பயன்படுத்துவது நம் கடமை அன்றோ?

வீட்டில் நாயைக் குளிப்பாட்டுவதும் அதற்குச் சோறு வைப்பதும் பெரும்பாலும் நாம்தாம். அதன் முகம் சற்று மாறினாலும் முதலில் காண்பது நம் கண்களே. ஆகவே ஊசி போடும் நாளில் கடிகாரத்தைப் பாருங்கள், ஈறைப் பாருங்கள், கண்டதை எழுதுங்கள், வேண்டியபோது விரைந்து செல்லுங்கள். அடுத்த ஊசியின் நாள் வந்ததும் பெரியவர்களுக்கு மறவாமல் நினைவூட்டுங்கள். நாயும் நலமாக இருக்கும். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடும் தம்பி தங்கையரும் நலமாக இருப்பர்.